அண்ணையின் படத்தில் ஒரு மாலை

1.

இந்த நகரத்துக்கு வந்து ஒரு வருடம் நிறைந்ததைப் பற்றி உங்கள் இதழுக்கு எழுதித் தருவதாகத்தான் சொல்லியிருந்தேன். பாதி எழுதியும் வைத்திருந்தேன். ட்ராம், மழை, நூலகம், ஓவியம் எல்லாம் அதில் வடிவாக வந்திருந்தன. போன திங்கட்கிழமை நடந்ததற்குப் பிறகு அதை எடுத்து வாசித்தால், பொழுது போகாத வேறு யாரோ ஒருத்தி எழுதியது போல இருந்தது. கிழித்துப் போட்டேன். இன்று வெள்ளிக்கிழமை. நாலு நாளாகத் தூரிகையைத் தொடவில்லை.

ஆனாலும் இந்த நகரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது உங்களுக்கு விளங்காது.

எனக்கு வயது ஐம்பத்தெட்டு. தீவுக் கிராமமான நாரந்தனையில் பிறந்து, ஜேர்மனியின் மேற்குப் பக்கத்தில் ஒரு சிறிய பட்டினத்தில் இருபத்தேழு வருடம் பள்ளிக்கூடக் குசினியில் உருளைக்கிழங்கு சீவியவள். படம் கீறியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில், சாப்பாட்டு மேசையில், கணவரின் முணுமுணுப்புக்கு நடுவில். அவர் காலமாகி மூன்று வருடத்துக்குப் பிறகு மகள் அனித்தா, 'இங்கே வந்துவிடுங்கள்' என்று இந்த லைப்சிக் நகரத்துக்குக் கூப்பிட்டாள். அவளுக்கு இங்கே வேலை. எனக்கு அவளுடைய வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு அறை, ஒரு குசினி, வடக்குப் பார்த்த பெரிய யன்னல். அந்த யன்னலைப் பார்த்துத்தான் சரி என்றேன்.

வந்தவுடன் விலாசம் பதியப் போனேன். இந்த நாட்டில் மூச்சு விடுவதற்கு முதல் விலாசம் பதிய வேண்டும். தொழில் என்ற கட்டத்தில் வாழ்க்கையில் முதல் தடவையாக 'ஓவியர்' என்று எழுதினேன். அங்கிருந்த மனிதர் கண்ணாடியை இறக்கிவிட்டு, "வீட்டுச் சுவருக்கா, படத்துக்கா?" என்று கேட்டார். இவர்களுடைய மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். படத்துக்கு என்றேன். 'அப்படியானால் வருமானம் இல்லை' என்று அவராகவே அடுத்த கட்டத்தை நிரப்பிக்கொண்டார். கெட்டிக்காரன்.

காலையில் படம். மத்தியானத்துக்குப் பிறகு எங்கள் பகுதி நூலகம். அங்கே தமிழ்ப் புத்தகம் ஒன்றும் இல்லை. நான் சிறுவர் பகுதியில் ஒரு குட்டிக் கதிரையில் முழங்கால் வாய்க்கு இடிக்க இருந்து, ஓவியர்களின் வாழ்க்கையைப் பிள்ளைகளுக்காக எழுதிய புத்தகங்களை அகராதியோடு வாசிப்பேன். நூலகத்துக்குப் பொறுப்பான கெல்லர் என்ற பெண்மணி முதல் மாதம் சிரித்தாள், இரண்டாம் மாதம் எனக்கு ஒரு பெரிய கதிரை கொண்டுவந்து போட்டாள், எட்டாம் மாதம் நான் படம் கீறும் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, 'இதையெல்லாம் இங்கே மாட்டலாமே' என்றாள்.

திங்கட்கிழமைகளில் ஊர் சுற்றல். ஏதாவது ஒரு ட்ராமில் ஏறிக் கடைசித் தரிப்பிடம் வரைக்கும் போய், அங்கே என்ன இருக்கிறதோ அதைக் கீறிக்கொண்டு வருவது. பெரும்பாலும் ஒரு மதில், ஒரு பேக்கரி, நாயோடு ஒரு கிழவர். மற்றவர்கள் நகரத்தின் நடுவைப் பார்க்கப் போவார்கள், நான் அதன் ஓரங்களைப் பார்த்தேன். தீவில் பிறந்தவளுக்கு ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாவிட்டால் நித்திரை வராது.

2.

இனி அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது சொல்ல விருப்பமில்லாத பகுதி.

எனக்கு ஒரேயொரு அண்ணை, சவிரி. என்னை விட ஐந்து வயது மூப்பு. ஊரை விட்டு ஒருநாளும் போகாதவர். கடல்தொழில். மனைவி பிலோ மச்சாளோடு இன்றும் நாரந்தனையில்தான் இருக்கிறார். நான் வெளிநாடு வந்த நாளிலிருந்து அம்மாவைப் பார்த்தது அவர்கள் இருவரும்தான். நான் கிறிஸ்மஸுக்கு வாழ்த்துக் காட் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஒன்பது வருடத்துக்கு முதல் ஒரு புதன்கிழமை அம்மா காலமானா. அந்தக் கிழமை வெள்ளிக்கிழமைதான் எங்கள் சின்னப் பட்டினத்தின் மண்டபத்தில் என் படங்களை முதன்முதலாக மாட்டினார்கள். நகரபிதா வருகிறார், பத்திரிகைக்காரர் வருகிறார். நான் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணித்தியாலம் அழுதேன். பிறகு அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து, பாஸ்போட் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை, என்னால் வரமுடியாது என்று சொன்னேன். பாஸ்போட் அலுமாரியில் இருந்தது. இன்னும் ஆறு வருடம் செல்லும் பாஸ்போட்.

இதை இதுவரைக்கும் ஒருவருக்கும் சொல்லவில்லை. கணவருக்கும் நான் அதே பொய்யைத்தான் சொன்னேன்.

பொய்க்கு ஆயுள் மூன்று நாள். மண்டபத்தில் எடுத்த படத்தை யாரோ முகநூலில் போட, அது நாரந்தனைக்குப் போய்ச் சேர்ந்தது. சேலை கட்டி, கையில் பூச்செண்டோடு நான். அண்ணை எடுத்தார். அவர் சத்தம் போடவில்லை.

"அம்மாவை அடக்கம் பண்ணிப்போட்டு வந்து உன்ர படத்தைப் பாத்தனான். வடிவாச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறாய்" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அவர் எனக்கு எடுக்கவில்லை, நான் எடுத்தாலும் கதைக்கவில்லை. என் கணவர் இறந்தபோதுகூட பிலோ மச்சாள்தான் எடுத்து அழுதா. பின்னால் அண்ணை இருமுவது கேட்டது. பக்கத்தில்தான் இருந்திருக்கிறார். வாங்கிக் கதைக்கவில்லை. நான் செய்ததற்கு அது சரியான கூலி என்றுதான் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கதைக்காத மனிதரை என்ன செய்வது? கீறினேன். நீலப் பிளாஸ்டிக் கதிரையில், சேட்டுப் பொத்தானை ஒன்று மாற்றிப் பூட்டிக்கொண்டு, இடது புருவத்தில் அந்தப் பழைய காயத்தோடு. பக்கவாட்டில் கீறிப் பார்த்தேன், குனிந்திருப்பதாகக் கீறிப் பார்த்தேன். எப்படித் தொடங்கினாலும் கடைசியில் என்னை நேராகப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். நாலாவது தடவை விட்டுவிட்டேன். பார்க்கட்டும் என்று வலது பக்க மூலையில் என் வழக்கமான 'றோ' என்ற ஒற்றை எழுத்தைப் போட்டேன். றோசலின் என்று முழுதாக எழுத அந்த முகத்துக்கு முன்னால் துணிவு வரவில்லை.

3.

போன சனிக்கிழமை பின்னேரம் நூலகத்தில் என் படக் கண்காட்சி திறந்தது. பதினாறு படம். பதினைந்து இந்த நகரத்தின் கடைசித் தரிப்பிடங்கள், ஒன்று அண்ணை. கெல்லர் ஒவ்வொரு படத்துக்கும் கீழே இருந்த மரத்தட்டில், பற்றரியில் எரியும் ஒரு சின்ன மெழுகுதிரி வைத்திருந்தாள். மாரி காலத்தில் இவர்களுக்கு மெழுகுதிரி இல்லாமல் ஒரு காரியமும் இல்லை.

தமிழ்ச் சனமும் ஒரு இருபது பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு அக்கா, பாவம், விடியவே எழும்பிப் பூ வாங்கித் தன் கையால் மாலை கட்டிக்கொண்டு வந்திருந்தா. வெள்ளைப் பூ மாலை. எல்லாரும் கைதட்ட அதை என் கழுத்தில் போட்டா. ஈரமான மாலை. சேலை நனைய, கழுத்தில் தண்ணீர் வடிய, ஜேர்மன்காரர் ஒருவர் என்னிடம் வர்ணங்களைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே மாலையைக் கழற்றினேன். மேசை தூரத்தில் இருந்தது. பக்கத்தில் ஒரு சட்டத்தின் மூலை நீட்டிக்கொண்டு நின்றது. அதில் கொழுவினேன். இரண்டு கையும் வேண்டியிருந்தது, எனக்கு இந்த மொழி பேசக் கை வேண்டும்.

அது எந்தப் படத்தின் சட்டம் என்று நீங்கள் இந்நேரம் பிடித்திருப்பீர்கள். நாரந்தனையில் ஐந்து வயதுப் பிள்ளையும் பிடித்திருக்கும். நான் பிடிக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டு, அனித்தாவோடு சாப்பிடப் போனேன்.

4.

திங்கட்கிழமை காலை ட்ராமில் இருந்தேன். மடியில் கொப்பி. நான் முன்பு போகாத ஒரு தடம். பாரிஸில் இருக்கும் டெய்சி அக்கா எடுத்தா. எங்களுக்குத் தூரத்து உறவு, ஊரில் இரண்டு வீடு தள்ளி இருந்தவ.

"றோசி, அண்ணைக்கு என்ன நடந்தது? நெஞ்சுவலியோ?" என்று கேட்டா.

எந்த அண்ணைக்கு என்றேன். எனக்கு இருப்பது ஒரு அண்ணை, நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். டெய்சி அக்கா, உனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் எடுத்தேன் என்று சொல்லி அழத் தொடங்கினா. மரண அறிவித்தல் நேற்றே வந்துவிட்டதாம். எனக்கும் அனுப்பிவிட்டா.

திறந்தேன். மேலே ஒரு படம் இருந்தது, அதைப் பார்க்க என்னால் முடியவில்லை, பெருவிரலால் தள்ளிவிட்டேன். எழுத்தை மட்டும் வாசித்தேன். நாரந்தனையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட சவிரிமுத்து அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பிலோமினாவின் அன்புக் கணவரும், ஜேர்மனியில் வசிக்கும் றோசலினின் அன்புச் சகோதரரும் ஆவார். அடக்க ஆராதனை பின்னர் அறிவிக்கப்படும். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அண்ணையின் பெயரும் என் பெயரும் ஒரே வசனத்தில் நின்றன. நான் பேயறைந்தவள் மாதிரி அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன். ட்ராம் கடைசித் தரிப்பிடத்துக்குப் போய், வளைந்து, திரும்பவும் ஓடத் தொடங்கிவிட்டது.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அண்ணை வீட்டு நம்பர் இருந்தது. எடுத்தேன். யாரோ எடுத்தார்கள். "ஆர்?" என்றுகூடக் கேட்கவில்லை. பின்னால் பெண்களின் அழுகை. அந்த அழுகைக்கு நடுவில் பிலோ மச்சாளின் குரல், "அந்தோனியாரே, கடலுக்குப் போன மனுசனைக் கொண்டுவந்து தாரும்" என்று கேட்டது. தொடர்பு அறுந்தது. திரும்ப எடுத்தால் போகவில்லை.

இனி என்ன சந்தேகம். கடலில் போய்விட்டார். நான் இறங்கி, பெயர் தெரியாத ஒரு தரிப்பிடத்தில், மழையில், வாய்விட்டு அழுதேன். அண்ணை என்னோடு கதைக்காமலே போய்விட்டார் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. அம்மாவுக்குப் போகாதவளுக்கு இதுவும் வேண்டும் என்றும் வந்தது. நாயோடு வந்த ஒரு கிழவர் குடையை என் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் நின்றார்.

அனித்தாவுக்கு எடுத்து, மாமா செத்துப்போனார் என்றேன். "எந்த மாமா?" என்று ஜேர்மன் மொழியில் கேட்டாள். நான் சற்று முதல் கேட்ட அதே கேள்வி. அவளைப் பிழை சொல்ல முடியாது. அவளுக்குப் பதினைந்து வயதில் நான் அண்ணையின் பெயரைச் சொல்வதை நிறுத்தினேன். அவளுடைய இருபத்துநாலு வயதில் அவர் எங்கள் வீட்டில் இல்லாத மனிதர். கீறிய படத்தைக்கூட, 'இவர் மீன்பிடிக்கிறவரா?' என்றுதான் கேட்டாள், நானும் ஓம் என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்கு ஓடி அலுமாரியைத் திறந்தேன். பாஸ்போட் முடிந்து மூன்று வருடம். மரத்தால் விழுந்தவளை மாடேறி மிதித்தது. கணவர் போன பிறகு எங்கேயும் போகும் எண்ணம் இல்லாததால் நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை. அன்று இருந்த பாஸ்போட்டை இல்லை என்று சொன்னேன். இன்று உண்மையாகவே இல்லை.

5.

அவசரப் பாஸ்போட் அன்றே தருவார்கள், ஆனால் அவசரத்துக்கு ஆதாரம் வேண்டும் என்று அனித்தா கண்டுபிடித்தாள். அலுவலகத்துக்கு என்னைப் பிடித்துக்கொண்டு போனதும் அவள்தான்.

கவுண்டரில் மூக்கில் வளையம் போட்ட ஒரு இளம்பெண். நான் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். அண்ணை, கடல், அம்மா, ஒன்பது வருடம். அவள் தலையாட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அனித்தா என் கையைத் தொட்டு, "அம்மா, நீங்கள் தமிழில் கதைக்கிறியள்" என்றாள். அவள் தமிழில் சொன்ன ஒரு முழு வசனத்தைக் கேட்டு எத்தனை காலம். இருபத்தெட்டு வருடத்து ஜேர்மன் ஒரே காலையில் என் தலையை விட்டுப் போயிருந்தது. மிச்சத்தை அவள்தான் சொன்னாள். விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் 'அண்ணனின் மரணம்' என்று நான் எழுதினேன். அதே ஒற்றை 'றோ'வில் கையெழுத்துப் போட்டேன்.

கவுண்டர்ப் பெண் அறிவித்தலை அலுவலகத்து மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொன்னாள். அதைக் கோப்பில் வைக்க அச்சிட வேண்டுமாம். இயந்திரம் ஒரு தாளைத் துப்பியது. அவள் அதை மேசையில் வைத்தாள். நான் பார்க்கக் கூடாது என்று சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மன்னிக்க வேண்டும். இது புகைப்படம் இல்லையே, ஓவியம் அல்லவா?" என்று கேட்டாள்.

அவளுடைய விரல் தாளின் வலது மூலையில் இருந்தது. பிறகு அந்த விரலை எடுத்து என் விண்ணப்பத்தில், கையெழுத்துக்கு மேல் வைத்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனால் இரண்டும் ஒரே கோடு என்பது தெரிந்தது.

பார்த்தேன். நீலக் கதிரை. மாற்றிப் பூட்டிய பொத்தான். புருவக் காயம். என் 'றோ'. சட்டத்தின் மூலையிலிருந்து அண்ணையின் தோளுக்கு வழிந்து நிற்கும் வெள்ளை மாலை. கீழே எரியும் திரி.

படத்துக்கு மாலையும் விளக்கும் இருந்தால் எங்கள் ஆட்களுக்கு அதற்கு மேலே யாரையும் கேட்க வேண்டியதில்லை. சனிக்கிழமை வந்தவர்களில் ஒருவர் படமெடுத்திருக்கிறார். ஊரவர்களின் குழுவில் போட்டிருக்கிறார். 'அட, எங்கட சவிரி' என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் அறிவித்தல் செய்துவிட்டார். இதெல்லாம் பிறகு தெரிந்தது, அறிவித்தல் செய்தவர் எடுத்து, நல்ல நோக்கத்தில்தான் செய்தேன் என்று மன்னிப்பும் கேட்டார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, ஆனால் அவரை நான் எந்த வாயால் ஏசுவது? மாலையைப் போட்டது என் கை.

ஆனால் அந்த நேரம் எனக்கு விளங்காதது ஒன்றுதான். அங்கே வீட்டில் அழுதார்களே? படம் பொய் என்றால் அழுகை எப்படி வந்தது?

கவுண்டரில் நின்றபடியே திரும்ப எடுத்தேன். நீண்ட நேரம் அடித்தது.

"ஆர்?" என்று கேட்டுவிட்டு இருமியது ஒரு ஆண்குரல்.

அந்த இருமலைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. "அண்ணை, நான் றோசி."

பின்னால் நிறையச் சனத்தின் சத்தம். யாரோ சிரிக்கிறார்கள், யாரோ இன்னும் அழுகிறார்கள். பிறகு அண்ணை நடந்ததைச் சொன்னார். முதல்நாள் பின்னேரம் கடலுக்குப் போனவராம். யாரோ கடலில் விட்டுப்போன வலை போட் இயந்திரத்தின் காத்தாடியில் சுற்றிவிட்டதால் வருவதற்கு மத்தியானமாகிவிட்டது. போட்டில் போன ஆளைக் காலையில் காணவில்லை, வெளிநாட்டிலிருந்து அறிவித்தல் வந்துவிட்டது, இனி என்ன என்று பிலோ மச்சாள் விழுந்துவிட்டா. எங்கள் தீவில் நடப்பதை எங்கள் தீவுக்கு முதலில் சொல்வது வெளிநாடுதான், அதனால் ஒருவரும் சந்தேகப்படவில்லை. அண்ணை கரைக்கு வந்து பார்த்தால் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முழுக்க வெள்ளைத்துணி, முற்றத்தில் வாடகைக் கதிரை. பிலோதான் போய்விட்டாள் என்று நினைத்துக் கத்திக் குழறிக்கொண்டு ஓடியிருக்கிறார். மச்சாள் அவரைக் கண்டு மயங்கிவிட்டா. இப்போதுதான் எழுப்பி இருத்தித் தேத்தண்ணி கொடுத்திருக்கிறார்கள்.

நான் மாலையின் கதையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவரை எப்படிக் கீறினேன் என்றும் சொன்னேன்.

"இப்ப எங்க நிக்கிறாய்?" என்று கேட்டார்.

"பாஸ்போட் எடுக்கிற இடத்தில அண்ணை. வாறதுக்கு. முடிஞ்சு போச்சு, அதுதான்..."

"அம்மாவுக்கும் பாஸ்போட் எண்டுதான் சொன்னனீ."

கவுண்டர்ப் பெண் என்னைப் பார்க்கிறாள். அனித்தா அந்தத் தாளைப் பார்க்கிறாள். ஒன்பது வருடமாக எனக்கு வராத வாய் அந்த இடத்தில் வந்தது.

"அது பொய் அண்ணை. பாஸ்போட் வீட்டிலதான் இருந்தது. நான்தான் வரேல்லை."

அவர் இருமினார். இந்த முறை பக்கத்தில் நின்று கேட்கிற இருமல் இல்லை, எனக்காகவே இருமியது.

"தெரியும்" என்றார். "நீ சொல்லுவியோ எண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தனான். முதல் போய் அந்த மாலையைக் கழட்டு. பிறகு வெளிக்கிட்டு வா. கதிரை எல்லாம் இறக்கினபடிதான் கிடக்கு."

நான் அங்கேயே நின்று கெல்லருக்கு எடுத்து, மாலையை எடுத்துவிடு, காரணம் பிறகு சொல்கிறேன் என்றேன். எடுத்துவிட்டேன் என்று அவள் சொல்லும் வரைக்கும் போனை வைக்கவில்லை. அனித்தா தாளில் இருந்து முகத்தை எடுக்காமல், மூக்கு உங்களுடைய மூக்குத்தான் என்று ஜேர்மன் மொழியில் சொன்னாள்.

அந்த இளம்பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். அண்ணன் உயிரோடு இருப்பது மிகவும் சந்தோசம் என்றாள். ஆனால் மரணம் இல்லையென்றால் அவசரமும் இல்லை, சாதாரணப் பாஸ்போட்டுக்கு ஆறு கிழமையாகும், இந்த விண்ணப்பத்தை என்ன செய்வது என்று கேட்டாள்.

நான் பேனையை வாங்கினேன். 'அண்ணனின் மரணம்' என்று எழுதியிருந்ததை வெட்டினேன். அதற்குக் கீழே, அவளுக்கு விளங்கும் மொழியில், ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல் எழுதினேன்: அண்ணன் உயிரோடு இருக்கிறார்.

அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு 'அவசரம்' என்ற முத்திரையை எடுத்துக் குத்தினாள்.